தமிழ் பேசுபவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு கற்பிப்பது எப்படி? எங்கே தொடங்கலாம், எதை விட்டுவிடலாம்

"ஐ கேன் கம் டுமாரோ" என்று நம் ஊர்க்காரர் ஒருவர் போனில் சொல்கிறார். இலக்கணப் பிழை இல்லை, ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுகிறது. ஆனாலும் மறுமுனையில் இருக்கும் அமெரிக்கர், இவரால் நாளைக்கு வர முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். 'கேன்' என்பதை முழுதாக அழுத்திச் சொன்னதுதான் வினை. 'முடியும்' என்ற பொருளில் அந்தச் சொல் அவர்கள் வாயில் 'கன்' என்றுகூட நிற்பதில்லை, 'க்ன்' என்று சுருங்கிவிடும். அதை அழுத்திச் சொன்னால் 'கேன்ட்', அதாவது 'முடியாது' என்றே காதில் விழும். கடைசி 'ட்' அவர்கள் பேச்சிலும் பல நேரம் தெளிவாகக் கேட்காது. அழுத்தம்தான் அடையாளம்.

இப்படிப்பட்ட சிக்கல் இருக்க, நம் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகள் பெரும்பாலும் எங்கே தொடங்குகின்றன? நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டி 'தேங்க் யூ' சொல்லவைப்பதில். மாணவருக்குக் கூச்சம், ஆசிரியருக்கு அலுப்பு, கடைசியில் பலனும் குறைவு. தாய்மொழி தமிழாக உள்ள பெரியவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்காக, இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு எழுதுகிறேன்.

இலக்கு எது?

லண்டன்காரர் போலப் பேசுவது இலக்கல்ல. கேட்பவர் சிரமமில்லாமல் புரிந்துகொண்டால் போதும். கனடாவில் முன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் காட்டியது இதுதான்: தாய்மொழிச் சாயல் எவ்வளவு தூக்கலாக இருந்தாலும் பேச்சு முழுக்கப் புரியலாம். சாயல் வேறு, புரிதல் வேறு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000இல் இன்னும் ஒரு படி மேலே போனார். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்த ஒலி மாறினால் பேச்சு முறிகிறது என்று பார்த்தார். 'தேங்க்' சொல்லின் அந்தப் புகழ்பெற்ற முதல் ஒலி அவருடைய அவசியப் பட்டியலிலேயே இல்லை. சொல் அழுத்தத்தையும் அவர் சேர்க்கவில்லை. அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் மாணவர்களைப் பொறுத்தவரை அழுத்தத்தில்தான் பாதி வேலை இருக்கிறது.

வகுப்புக்கு முன் ஒரு விதி

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழக்கவேண்டாம். இந்தக் கட்டுரை தமிழில் இருப்பதால் எனக்கு வேறு வழியில்லை, வகுப்பறையில் உங்களுக்கு உண்டு. 'பீஸ்' என்று பலகையில் எழுதினால் அது துண்டா, பட்டாணியா, தேனீக்களா, பள்ளிக்கூடக் கட்டணமா? ஆங்கிலத்தில் நான்கும் வெவ்வேறு ஒலி. நம் எழுத்தில் ஒரே ப, ஒரே ஸ்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் மெலிந்து ஒலிக்கும். அதனால் 'பேப்பர்', 'லெட்டர்', 'ஹேப்பி' என்று இரட்டித்து எழுதி வல்லோசையைக் காப்பாற்றுகிறோம். எழுத்தில் அது சரிதான். ஆனால் மாணவர் அப்படியே அழுத்தி ஒலிக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் இந்த இரட்டிப்பு கிடையாது. உதடு ஒரு தடவை தொட்டு உடனே விட்டுவிடவேண்டும்.

படி 1: முதலில் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு மாணவரையும் போனில் இரண்டு விதமாகப் பேசவைத்துப் பதியுங்கள். முதலில் ஒரு பத்தியை வாசிக்கட்டும். பிறகு தன் வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ இரண்டு நிமிடம் தாமாகப் பேசட்டும். வாசிக்கும்போது வரும் தவறுகள் பலவும் எழுத்துக்கூட்டலைப் பார்த்து வருபவை, பேச்சில் இருக்காது. பேச்சில் வருபவைதான் உங்கள் பாடத்திட்டம். கேட்கும்போது எல்லாவற்றையும் குறிக்காதீர்கள். எந்தச் சொல்லில் நீங்களே ஒரு நொடி தடுமாறினீர்களோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வாய்க்கு முன் காது

வேறுபாடு காதில் விழாதவரை வாயில் வராது. பயிற்சி எளிது. நீங்கள் ஒரு நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு 'வெஸ்ட்' என்று சொல்லுங்கள். மேற்குத் திசை என்றால் ஒரு விரல், சட்டைக்குள் போடும் பனியன் என்றால் இரண்டு விரல். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விரல் காட்டட்டும், பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. பெரும்பாலும் சரியாக வரத்தொடங்கிய பிறகு அவர்கள் சொல்லி நீங்கள் விரல் காட்டுங்கள். விரல் தப்பாகப் போனால் தங்கள் வாயை அவர்களே திருத்திக்கொள்வார்கள். நீங்கள் 'தப்பு' என்று சொல்லவேண்டிய அவசியமே வராது.

படி 3: சொல் அழுத்தம்

ஆங்கிலச் சொல்லில் ஒரு அசை மற்றவற்றைவிட நீளமாக, உரக்க, கொஞ்சம் உயர்ந்த குரலில் வரும். மற்ற அசைகள் ஒதுங்கிக்கொள்ளும். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை தருகிறோம், அல்லது முதல் அசையில் எடுத்து அடிக்கிறோம்.

'ஹோட்டல்' என்று நாம் முதலில் அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் ஹோ-டெல், இரண்டாவது அசைக்குத்தான் அழுத்தம். 'டெவலப்', 'ஈவென்ட்' இரண்டுக்கும் அப்படியே. 'கம்ஃபர்டபிள்', 'வெஜிடபிள்' ஆகியவற்றில் முதல் அசை. கடைசியில் 'டேபிள்' எதுவும் இல்லை. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை, அதை எடுப்பவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாவதுக்கு நகர்ந்து 'ஃப-டா-க்ர-ஃபர்', 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதுக்கு. ஒரே குடும்பச் சொல்லில் அழுத்தம் இடம் மாறுவதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பணம் சம்பந்தப்பட்டதில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பதினைந்தா ஐம்பதா? 'ஃபிஃப்டீன்' என்பதில் கடைசி அசை நீண்டு அழுந்தும், 'ஃபிஃப்டி' என்பதில் முதல் அசை. போனில் கடைசி 'ன்' கேட்காமல் போகலாம், அழுத்தம் போகாது. பதின்மூன்று–முப்பது, பதினாறு–அறுபது என்று தொகைகளை ஒருவர் சொல்ல மற்றவர் எழுதட்டும்.

ரப்பர் பேண்டு ஒன்று கையில் கொடுங்கள். அழுத்தம் வரும் அசையில் இழுக்கவேண்டும், மற்றதில் தளர்த்தவேண்டும். பெரியவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களே கேட்டு வாங்குவார்கள். கை இழுக்கும்போது குரல் தன்னால் நீள்கிறது.

விதிகள் நிறையச் சொல்லவேண்டாம். இரண்டு போதும். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் விழும். 'ரெக்கார்ட்', 'எக்ஸ்போர்ட்', 'இன்க்ரீஸ்' போன்ற சொற்கள் பெயராக வந்தால் முதல் அசை, வினையாக வந்தால் இரண்டாவது. மற்றதற்கு அகராதி. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இணையத்தில் ஒலியோடு கிடைக்கின்றன. உச்சரிப்புக் குறிப்பில் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். அழுத்தம் அங்கே. அந்தக் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவருக்கு நீங்கள் பாதி தேவையில்லை.

படி 4: சோம்பல் உயிரும் தாளமும்

அழுத்தம் விழாத அசையில் ஆங்கிலம் வாயைத் திறக்கவே சோம்பல்படும். நாக்கு நடுவில் கிடக்க, 'அ'வுக்கும் 'எ'வுக்கும் இடைப்பட்ட ஒரு மங்கலான ஒலி. அந்த மொழியில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான், ஆனால் இதற்கென்று ஒரு தனி எழுத்துகூட இல்லை. வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லில் மூன்று இடத்தில் ஒரே எழுத்து, நடுவில் உள்ளது மட்டும்தான் முழு 'ஆ', இரு ஓரமும் மங்கல். 'டீச்சர்', 'ப்ராப்ளம்', 'அபவுட்' என்று ஒவ்வொன்றாக எடுத்து, எந்த அசை மங்குகிறது என்று மாணவரையே கண்டுபிடிக்கவிடுங்கள்.

இதே சோம்பல் வாக்கியத்துக்கும் உண்டு. 'டெல் ஹிம் டு கால் மீ அட் டென்' என்பதில் ஏழு சொல். மேசையில் தட்டு விழுவது மூன்றில்தான்: டெல், கால், டென். மற்றவை நடுவில் கிடைத்த இடத்தில் நுழைந்து 'டெலிம் ட கால் மி அட் டென்' என்று வரும். நாம் குறில், நெடில், மாத்திரை என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். நம் காதுக்கு இது சொற்களை விழுங்குவதாகப் படும். விழுங்கத்தான் வேண்டும் என்று அனுமதி கொடுங்கள். 'டு', 'ஃபார்', 'ஆஃப்', 'அண்ட்', 'வாஸ்', 'கேன்' என்ற சின்னச் சொற்களுக்கு இரண்டு வடிவம் உண்டு, தனியாகச் சொல்லும்போது ஒன்று, வாக்கியத்துக்குள் மங்கலான மற்றொன்று. முதலில் சொன்ன 'கேன்' விவகாரத்துக்கும் மருந்து இங்கேதான். 'ஐ க்ன் கம்' என்பதில் தட்டு 'கம்' மேல். 'ஐ கேன்ட் கம்' என்பதில் 'கேன்ட்' மேலும் ஒரு தட்டு. இதை மட்டும் ஒரு முழு வகுப்புக்கு எடுத்தாலும் வீணில்லை.

படி 5: 'தான்' எங்கே போகிறது?

என் பார்வையில் தமிழ் மாணவருக்கு ஆங்கிலப் பேச்சின் உயிர்நாடி இந்தப் படிதான், ஆனால் பாடநூல்கள் இதை ஒரு பக்கத்தில் கடந்துவிடுகின்றன. 'நான்தான் இரண்டு டிக்கெட் கேட்டேன்', 'நான் இரண்டு டிக்கெட்தான் கேட்டேன்', 'நான் கேட்கத்தான் செய்தேன்' என்று எதை முன்னிறுத்துகிறோமோ அதன் வாலில் 'தான்' ஒட்டிவிடுவோம். 'ஏ', 'உம்' இரண்டும் இதே வேலைக்கு இருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் குரலே பார்க்கிறது. 'ஐ ஆஸ்க்ட் ஃபார் டூ டிக்கெட்ஸ்' என்ற ஒரே வாக்கியம், 'ஐ' மேல் குரல் ஏறினால் நான்தான், 'டூ' மேல் ஏறினால் இரண்டுதான், மூன்றில்லை. 'டிக்கெட்ஸ்' மேல் ஏறினால் கேட்டது டிக்கெட், நீ கொடுத்தது வேறேதோ.

இப்படிப் பழக்குங்கள். நீங்கள் 'தான்' போட்ட தமிழ் வாக்கியத்தைச் சொல்லவேண்டும், மாணவர் அதே ஆங்கில வாக்கியத்தைச் சரியான சொல்லில் குரலேற்றிச் சொல்லவேண்டும். பிறகு திருப்புங்கள், அவர் ஆங்கிலத்தில் சொல்ல வகுப்பு 'தான்' எங்கே என்று தமிழில் சொல்லட்டும். தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் ஆசிரியர்கள் இந்தக் குறுக்குவழியை இழக்கிறார்கள்.

குரலின் ஏற்ற இறக்கத்தில் இன்னொன்று மட்டும் போதும். 'வேர்', 'வென்', 'வாட்' என்று தொடங்கும் கேள்விகள் பொதுவாகக் கடைசியில் இறங்கும். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகள் ஏறும். நம் மாணவர்கள் எல்லாக் கேள்வியையும் ஏற்றி முடிப்பார்கள், அல்லது 'வாட் இஸ் யுவர் நேம்' என்பதைத் தட்டையாக, ஸ்டேஷனில் விசாரிப்பது போலக் கேட்பார்கள்.

படி 6: ஒலிகள், இந்த வரிசையில்

வி, டபிள்யூ. நம் 'வ' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால் இரண்டுமாகவும் கேட்கிறது. டபிள்யூவுக்கு விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவிக்கவேண்டும், பல் எங்கும் படக்கூடாது. விக்கு மேற்பல் கீழுதட்டின் உட்புறம் பட்டு ரீங்காரம் வரவேண்டும். போனின் செல்ஃபி கேமரா கண்ணாடியாக உதவும்.

சொல் முதலில் வரும் ப், ட், க். ஆங்கிலத்தில் இவை ஒரு சின்னக் காற்றோடு வெடிக்கும், தமிழில் காற்று இல்லை. அதனால் நாம் பூங்காவைச் சொன்னால் சிலர் காதில் நாய் குரைப்பதாக விழுகிறது. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைத் தொங்கவிட்டு 'பார்க்' சொல்லவேண்டும். பூங்காவுக்குத் தாள் ஆடும், குரைப்புக்கு ஆடாது. 'ஸ்பாட்', 'ஸ்கூல்' போல முன்னால் 'ஸ்' வந்தால் காற்று தேவையில்லை.

அதிர்வுள்ள ஸ். 'ஜீரோ', 'ஜூ' என்று நாம் 'ஜ' போடும் இடம். தொண்டையில் விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, அப்படியே தொண்டையை அதிரவிட்டால் வந்துவிடும். 'டாக்ஸ்' (நாய்கள்), 'கார்ஸ்' போன்ற பன்மைகளின் வாலிலும் இதுதான் வருகிறது.

'பேட்' என்றால் கெட்டதா, 'பெட்' என்றால் படுக்கையா? கெட்டதற்குத் தாடை நன்றாகக் கீழே இறங்கவேண்டும். தாடையில் கைவைத்துப் பார்த்தால் தெரியும்.

'ட' விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஆங்கிலத்தில் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் மேட்டில் படும், நம் 'ட'வுக்கு உள்ளே மடிந்து படும். இதனால் பேச்சு புரியாமல் போவதில்லை. ஈழத்து மாணவர்களுக்கு அந்த ஒலி ஏற்கெனவே வாயில் இருக்கிறது என்பது சுவையான செய்தி. அவர்கள் பேச்சில் 'ற்ற' அந்த மேட்டில்தான் ஒலிக்கிறது; டொராண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதும் வழக்கமும் இதனோடு தொடர்புடையது. 'தேங்க்' ஒலியைக் கடைசியில், நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

குறில் நெடிலில் நமக்கு ஒரு கொடுப்பினை. கப்பல், செம்மறியாடு என்ற 'ஷிப்', 'ஷீப்' வேறுபாடு ஸ்பானியம் பேசுபவர்களைப் படாதபாடு படுத்தும். நம் மாணவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அங்கே நேரத்தை வீணாக்கவேண்டாம்.

"மேடம், 'கார்' சொல்லும்போது கடைசி 'ர்' சொல்லணுமா, வேணாமா?" என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் சொல்வார்கள், லண்டனில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நம் நாக்கில் அது தானாக வருகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். புரிதலுக்கு உதவியே தவிரக் கெடுதல் இல்லை.

படி 7: சொல்லின் இரு முனைகள்

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் 'பேகு', 'புக்கு', 'பஸ்ஸு' என்று ஒரு குற்றியலுகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை நிறுத்த 'உ சொல்லாதே' என்று சொல்லிப் பயனில்லை. முன்னால் உள்ள உயிரை நீட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பைக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாடே பெரிதும் அந்த நீளம்தான். பை நீளும், முதுகு வெடுக்கென்று முடியும். உயிர் சரியாக நீண்டால் கடைசி மெய்யை மெல்லத் தொட்டு நிறுத்தினாலே போதும்.

முதல் முனையில் 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்'. சொல்லின் தொடக்கத்தில் இரு மெய் சேர்ந்து வருவது தமிழுக்கு ஆகாது. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு போல இழுத்துக்கொண்டே 'கூல்' சொல்லவேண்டும், பிறகு இழுப்பைக் குறைக்கவேண்டும்.

இறந்தகால வாலுக்குத் தனி வகுப்பு தேவை. 'வாக்கெட்', 'ஆஸ்கெட்' என்று ஒரு அசை கூடுதலாக வருவதைக் கேட்டிருப்பீர்கள். வினை 't' ஒலியிலோ அதன் அதிர்வுள்ள இணையான 'd' ஒலியிலோ முடிந்தால் மட்டுமே கூடுதல் அசை: 'வாண்டட்', 'நீடட்'. மற்றவற்றில் அசை கூடாது, 'வாக்ட்', 'கால்ட்'. மூன்று மெய் முட்டிக்கொண்டால் ஆங்கிலேயரே நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறார்கள். 'ஆஸ்க்ட்' பேச்சில் 'ஆஸ்ட்' ஆகிறது.

படி 8: நன்னூல் உதவிக்கு வரும் இடம்

'பிக் இட் அப்' என்ற மூன்று சொல் பேச்சில் ஒன்றாக ஒட்டி ஓடும். மெய்யில் முடிந்து உயிரில் தொடங்கினால் ஒட்டு. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று பவணந்தியார் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள், இங்கே எடுத்துவிடுங்கள். உடம்படுமெய்யும் அப்படியே. 'இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்' என்பது நம் விதி. ஆங்கிலத்திலும் 'சீ இட்' நடுவே மெல்லிய 'ய்', 'கோ அவுட்' நடுவே மெல்லிய 'வ்' வரும். எல்லா உயிருக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்கிவைக்க அருமையான கொக்கி.

இதே பழக்கம் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால்தான் தொல்லை. முட்டை 'யெக்' ஆகிறது, 'ஒன்லி' 'வொன்லி' ஆகிறது. நடுவில் ஒட்டு வேண்டும், முதலில் வேண்டாம் என்று இரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள்.

படி 9: இயல்பாகப் பேசுவது

வேகமாகப் பேசினால் சரளம் என்று நம்புகிறவர்கள் அதிகம். தவறான இடத்தில் மூச்சு விட்டு, சரியான இடத்தில் நிறுத்தாமல் ஓடுவதால்தான் நம் ஆங்கிலம் பல நேரம் புரிவதில்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, எங்கெங்கே நிறுத்தலாம் என்று சாய்கோடு போடச்சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொல்லின் மேல்தான் பெரிய தட்டு. நம் 'வந்து', 'அது வந்து' போல ஆங்கிலத்துக்கும் 'வெல்', 'யு நோ' உண்டு. யோசிக்க நேரம் வாங்கித்தரும் சொற்கள் அவை. இரண்டு மூன்று கற்றுக்கொடுத்தால் 'ஆஆ...' குறையும்.

'கோயிங் டு', 'வான்ட் டு' என்பவை சுருங்கி வரும் 'கானா', 'வானா' போன்றவற்றைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கற்றுத்தரவேண்டும், பேசக் கட்டாயப்படுத்த வேண்டாம். நேர்முகத்தேர்வில் அரைகுறையாக வரும் 'வானா' இல்லாமல் இருப்பதே மேல்.

வீட்டுப்பாடத்துக்கு ஷேடோயிங், அதாவது ஒலிப்பதிவில் பேசுபவரை நிழல்போல ஒட்டிப் பேசும் பயிற்சி. பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் 6 மினிட் இங்கிலிஷ் போன்ற எழுத்துவடிவத்தோடு கிடைக்கும் ஒலிப்பதிவிலிருந்து இருபது விநாடி மட்டும். முதலில் வெறுமனே கேட்கவேண்டும். பிறகு எழுத்தைப் பார்த்து அழுத்தம் விழும் சொற்களுக்குப் புள்ளி வைக்கவேண்டும். அடுத்து, வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று தாளத்தை மட்டும் முனகவேண்டும். கடைசியில்தான் பேசுபவரோடு சேர்ந்து, அரை நொடி பின்னால் பேசுவது. முனகும் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குச் சொல் வரும், தாளம் வராது. ஒரே சொல்லைப் பலர் பேசுவதைக் கேட்க யூகிளிஷ் தளம் கைகொடுக்கும்.

திருத்துவதும் சோதிப்பதும்

மாணவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துவது என்று பலகையில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு அழுத்தம் என்றால் 'வெஸ்ட்' எப்படி வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளக்கூடாது. பேச்சு முடிந்ததும் கேட்டுக் குறித்ததைச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பதியுங்கள். இந்தமுறை நீங்கள் மதிப்பிடவேண்டாம். உங்கள் காது தமிழ் ஆங்கிலத்துக்குப் பழகியது, எதையும் புரிந்துகொள்ளும். போனில் பேசினால் எழுதும் வசதியையும் முழுக்க நம்பவேண்டாம், சூழலை வைத்து அதுவே ஊகித்து நிரப்பிவிடும். தமிழ் தெரியாத ஒருவரிடம், அசாமோ பஞ்சாபோ வெளிநாடோ, அந்தப் பதிவைக் கொடுத்துக் கேட்டதை அப்படியே எழுதச்சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதிய சொற்களையும் கோடு விட்ட இடங்களையும் எடுத்து வையுங்கள், அடுத்த மாதப் பாடம் அதிலிருந்து தொடங்கும்.